மேப் நிறைய ஐகான்கள்: சைடு மிஷன்கள் சலித்துப்போவது ஏன்?

கேள்வி | பாதைமாறி

வணக்கம். பரந்த உலகத்தில் விருப்பம்போல் சுற்றித் திரியவிடும் ஓப்பன் வேர்ல்டு கேம்களையே நெடுங்காலமாக விரும்பி விளையாடி வந்தவன் நான். புதிய கேம் ஒன்றைத் தொடங்கினால், மையக் கதையை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு, கண்ணில் படும் சைடு மிஷன்களையெல்லாம் (கதைக்கு வெளியே உள்ள கிளைப் பணிகள்) முடித்த பிறகே கதைக்குத் திரும்புவது என் வழக்கம். ‘ஜிடிஏ: வைஸ் சிட்டி’யில் கதை எங்கே நின்றது என்பதே மறந்துபோகும் அளவுக்கு ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அதை யாராவது ‘வேலை’ என்று அப்போது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அண்மைக்காலமாக நிலைமை தலைகீழாகிவிட்டது. பெரிய கேம் ஒன்றை ஆவலோடு தொடங்குகிறேன்; அறிமுகப் பகுதி முடிந்து முதல் கோபுரத்தின் உச்சிக்கு ஏறியதும் மேப் முழுவதும் ஐகான்கள் முளைக்கின்றன; அதைப் பார்த்த மாத்திரத்தில் ஒரு சோர்வு வந்து கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிடுகிறேன். ஆனால் ‘ஸ்லே த ஸ்பையர்’ போன்ற சீட்டாட்ட ரோக்லைக்கையோ (தோற்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டிய கேம்), ‘பர்சோனா 5’ போன்ற டர்ன் பேஸ்டு ஆர்பிஜியையோ (முறைவைத்துச் சண்டையிட்டு, பாத்திரத்தை வளர்த்தெடுக்கும் கேம்) திறந்தால் நேரம் போவதே தெரிவதில்லை. எனக்கே வியப்பாக இருப்பது என்னவென்றால், டர்ன் பேஸ்டு கேம் என்றாலே ஒரு காலத்தில் நான் பக்கத்தில்கூடப் போனதில்லை. எதிரி தன் முறை வரும்வரை கைகட்டி நிற்பதைச் சண்டை என்று ஏற்க அப்போது மனம் ஒப்பவில்லை.

என் கேள்விகள் இரண்டு. சைடு மிஷன்களை வடிவமைக்கும் விதம் உண்மையிலேயே தரம் தாழ்ந்துவிட்டதா, அல்லது மாறியது நான் மட்டும்தானா? இரண்டாவது, ஒருவருடைய ஜானர் ரசனை, அதாவது எந்த வகை கேம் பிடிக்கும் என்பது, இப்படி ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திரும்புவதற்கு என்ன காரணம்? ‘வயதாகிவிட்டது’ என்ற ஒற்றை வரிப் பதிலை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அது வீட்டிலேயே கிடைக்கிறது.

மறுமொழி | கோபுரக்காவலர்

நீங்கள் சொன்ன ஆம்புலன்ஸிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் உங்கள் முதல் கேள்விக்கான விடையில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது. 2002இல் வந்த ‘வைஸ் சிட்டி’யில் அந்த மிஷனை ஏற்கும்படி யாரும் உங்களைக் கேட்பதில்லை. ஆம்புலன்ஸில் ஏறி ஒரு பொத்தானை அழுத்தினால் தொடங்கிவிடும். முதல் நிலையில் ஒரு நோயாளி, இரண்டாம் நிலையில் இருவர் என்று வளர்ந்து 12ஆம் நிலையில் பன்னிரண்டு பேரை ஏற்றி இறக்க வேண்டும். ஆக மொத்தம் 78 பேர். வண்டியில் ஒரே நேரத்தில் மூவருக்குத்தான் இடம். ஆகவே யாரை முதலில் ஏற்றுவது, எந்த மூவரை ஒரு நடைக்குள் அடக்குவது, எந்தப் பாலத்தைத் தவிர்ப்பது என்ற கணக்கு ஒவ்வொரு நிலையிலும் புதிதாக எழுகிறது. வண்டி வெடித்துவிட்டால் அத்தனையும் பாழ். முடித்தால் எவ்வளவு ஓடினாலும் களைப்படையாத கால்கள் பரிசாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பரிசு இல்லாவிட்டாலும் பலர் அதை ஓட்டியிருப்பார்கள். அந்த நகரத்தை நீங்கள் எவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறீர்கள் என்பதற்கு அது ஒரு பரீட்சை.

அதன் பிறகு என்ன நடந்தது என்றால், 2007இல் ‘அசாசின்ஸ் க்ரீட்’ உயரமான கட்டடங்களின் மேல் ஏறிச் சுற்றுப்புறத்தைப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. 2012இல் ‘ஃபார் க்ரை 3’ அதையே ரேடியோ கோபுரமாக்கியது. அடுத்தடுத்து வந்தவை பலவும் அந்த வழியிலேயே போயின. கோபுரத்தின் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். ஏறுவது பல கேம்களில் நன்றாகவே இருக்கிறது. சிக்கல் ஏறி முடித்த பிறகு தொடங்குகிறது. அங்கே என்ன இருக்கிறது, அது எந்த வகை, முடித்தால் என்ன கிடைக்கும் என்ற மூன்றையும் ஐகான் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பிறகு நீங்கள் போவது அதைச் சரிபார்ப்பதற்காக மட்டுமே.

அந்த முதல் ‘அசாசின்ஸ் க்ரீட்’ கேமில் 420 கொடிகள் சிதறிக் கிடந்தன; அத்தனையையும் சேர்த்தாலும் கதையிலோ பாத்திரத்திலோ ஒன்றும் மாறாது. அடுத்த பாகத்தில் இதைச் சற்று யோசித்துச் செய்தார்கள். நாயகனின் இறந்துபோன தம்பி சேகரித்த இறகுகள் என்று 100 இறகுகளுக்கு ஒரு காரணம் கொடுத்து, அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் துயரத்தில் வாயடைத்துப்போன தாய் மீண்டும் பேசும்படி வைத்தார்கள். கூடவே ஒரு மேலங்கியும் பரிசாக உண்டு. அதை அணிந்தால் ஊர் ஊராகக் காவலர்கள் உங்களைத் துரத்துவார்கள் என்பது தனி வேடிக்கை.

ஒரே கேமுக்குள் இரண்டு வகையும் அருகருகே இருப்பதைப் பார்க்க விரும்பினால், 2015இல் வந்த ‘விட்ச்சர் 3’யைப் பாருங்கள். தொடக்கத்திலேயே வரும் கிராமத்தில், பூட்டிய குடிசை ஒன்றின் முன்னால் நின்றுகொண்டு ஒரு கிழவி தன் வாணலியை மீட்டுத் தரும்படி கேட்கிறாள். அசுரர்களை வேட்டையாடும் நாயகன் கெரால்ட்டிடம் கேட்கக்கூடிய உதவியா இது என்று நமக்குத் தோன்றும். கதவை உடைத்து உள்ளே போனால் ஒரு பிணமும் எரிந்த காகிதங்களும் கிடக்கின்றன. வாணலி மட்டும் பளபளவென்று சுத்தமாக இருக்கிறது. கெரால்ட் ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்து, வாணலியின் கரியைச் சுரண்டி யாரோ மை தயாரித்து எழுதியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிறான். ஏதோ ஓர் உளவு வேலை நடந்து, கொலையில் முடிந்திருக்கிறது. கிழவிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. பாத்திரம் இவ்வளவு சுத்தமாகத் திரும்பி வந்ததே என்று மகிழ்கிறாள். ஐந்து நிமிட வேலைதான். ஆனால் போர் நடக்கும் நாட்டில் சாதாரண மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை மையக் கதையைவிடக் கூர்மையாகச் சொல்கிறது.

இதே கேமில்தான் ஸ்கெல்லிகே தீவுகளைச் சுற்றியுள்ள கடல் முழுவதும் கேள்விக்குறிகள் மிதக்கின்றன. படகில் போய், மேலிருந்து பாய்ந்து தாக்கும் சைரன் என்ற அரக்கிகளை விரட்டி, கடத்தல்காரர்கள் மறைத்துவைத்த சரக்கை எடுக்க வேண்டும். முதல் கேள்விக்குறியில் செய்ததையே கடைசி வரை செய்வீர்கள். வாணலியை எழுதியவர்களும் இதை நிரப்பியவர்களும் ஒரே நிறுவனத்தார்தான். ஆகவே தரம் தாழ்ந்துவிட்டது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல எனக்கு மனமில்லை. உலகத்தின் பரப்பளவு வளர்ந்த வேகத்துக்கு வாணலிகள் எழுத ஆளில்லை, கேள்விக்குறிகளால் நிரப்பினார்கள் என்றே சொல்வேன்.

மறுமொழி | மெல்லநடை

மேலே எழுதியவரின் வாணலிக் கதை அருமை; ஆனால் அந்தக் கடலில் கேள்விக்குறிகளைத் தேடித் திரிந்து மகிழ்ந்த என் போன்றவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நாள் முழுவதும் முடிவெடுத்துக் களைத்த மனத்துக்கு, இன்னொரு கொலை வழக்கையோ இரு தரப்பு நியாயங்களையோ சீர்தூக்கும் தெம்பு இருப்பதில்லை. படகை ஒரு திசையில் திருப்பிவிட்டு, காற்றையும் அலையையும் கேட்டுக்கொண்டு, ஒவ்வோர் ஐகானாக மங்கச் செய்வதில் ஒரு நிம்மதி இருக்கிறது. கோலத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டே போவதைப் போல, கை வேலை செய்ய மனம் ஓய்ந்திருக்கும் நேரம் அது. இதை வடிவமைப்பின் தோல்வி என்று எழுதிவிடுவது, எல்லோரும் ஒரே மனநிலையில் அமர்ந்துதான் விளையாடுகிறார்கள் என்று எண்ணிக்கொள்வதாகும்.

நான் குறை சொல்வது வேறோர் இடத்தில். இந்த வேலையை விரும்பாதவரையும் செய்யவைக்கும் கேம்கள் உண்டு. 2018இல் வந்த ‘அசாசின்ஸ் க்ரீட் ஒடிசி’யில் கதையின் அடுத்த பகுதிக்கு உங்கள் பாத்திரத்துக்குப் போதிய லெவல் (வளர்ச்சிப் படி) இல்லையென்றால், எதிரியை ஒரு கீறலுக்கு மேல் காயப்படுத்த முடியாது, லெவலுக்காகச் சைடு மிஷன்களைத் தேடிப் போக வேண்டும். அனுபவப் புள்ளிகளை விரைவுபடுத்தும் வசதியைத் தனியாகக் காசுக்கும் விற்றார்கள். விருப்பத்துக்கு விட்டிருந்தால் இளைப்பாறலாக இருந்திருக்கக்கூடியது, இப்படி வாசலில் நிறுத்தப்பட்டவுடன் சுங்கச்சாவடியாகிவிடுகிறது.

மறுமொழி | ஏழாம்சீட்டு

இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ரசனை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது இருந்த இடத்திலேயே இருப்பதாகத்தான் படுகிறது.

‘ஸ்லே த ஸ்பையர்’ மேப்பை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அதிலும் ஐகான்கள்தான் நிறைந்திருக்கின்றன: சாதாரண எதிரி, கொடிய எதிரி, கடை, தீமூட்டம், ஏன், கேள்விக்குறிகூட இருக்கிறது. அடிவாரத்திலிருந்து உச்சிவரை அத்தனையும் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. ‘ஃபார் க்ரை’ கோபுரம் காட்டுவதைவிட அதிகமாகவே அது காட்டிவிடுகிறது எனலாம். அப்படியிருந்தும் ஏன் சலிப்பதில்லை? ஒரு பாதையில் காலை வைத்தவுடன் மற்றவை போய்விடுகின்றன என்பதால்தான். கடைக்குப் போனால் தீமூட்டத்தில் உடம்பைத் தேற்றிக்கொள்ள முடியாது. கொடிய எதிரியைத் தவிர்த்தால் அவனிடமிருந்து கிடைக்கும் அரும்பொருளும் கிடைக்காது. சண்டையிலும் அப்படித்தான்: எதிரி அடுத்து என்ன செய்யப்போகிறான், எத்தனை புள்ளி அடிக்கப்போகிறான் என்பது அவன் தலைக்கு மேலேயே எழுதியிருக்கிறது. கையில் உள்ள சீட்டுகளையும் மூன்று ஆற்றல் புள்ளிகளையும் வைத்துக்கொண்டு தடுப்பதா, அடிப்பதா என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டும். வண்டியில் மூவருக்குத்தான் இடம் என்ற ஆம்புலன்ஸ் கணக்கும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நீங்கள் அன்றும் அதைத்தான் தேடினீர்கள், இன்றும் அதைத்தான் தேடுகிறீர்கள்.

ஓப்பன் வேர்ல்டு மேப்பில் எதை விட்டாலும் அது உங்களுக்காகக் காத்திருக்கும். இழப்பு என்ற ஒன்றே இல்லாத இடத்தில் தேர்வும் இல்லை. எதை முன்னால் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்ற வரிசை மட்டும் மிஞ்சுகிறது. உங்கள் சோர்வுக்குக் காரணம் ஐகான்களின் எண்ணிக்கை அன்று, அவற்றில் எதையும் நீங்கள் இழக்கப்போவதில்லை என்பதே என்பது என் கணிப்பு.

ஜானர் என்ற சொல்லை நாம் ஊர்ப்பெயர் போலப் பயன்படுத்துகிறோம். ஒருவர் அங்கிருந்து இங்கே குடிபெயர்ந்துவிட்டார் என்கிறோம். உண்மையில் ஜானர்களே ஓரிடத்தில் நிற்பதில்லை. 1998இல் ‘ஸ்டார்கிராஃப்ட்’, 1999இல் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ என்று, முறைக்குக் காத்திராமல் படையையும் கட்டடங்களையும் நடத்தும் ரியல் டைம் ஸ்ட்ராட்டஜி கொடிகட்டிப் பறந்தது. 2002இல் வந்த ‘வார்கிராஃப்ட் 3’க்கு ரசிகர்கள் உருவாக்கிய ஒரு மேப், படையையும் கட்டடங்களையும் விட்டுவிட்டு ஒரே ஒரு வீரனை மட்டும் கையில் கொடுத்தது. அதன் வழியாகத்தான் 2009இல் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’, 2013இல் ‘டோட்டா 2’ என்று புதியதொரு ஜானரே வேரூன்றியது. தாய் ஜானர் சுருங்கிப்போனது. ஆனால் அதை விரும்பியவர்களின் ரசனை அழிந்துவிட்டது என்று யாரால் சொல்ல முடியும்?

இதற்கு நேர்மாறாக ஆர்பிஜியின் லெவலும் அனுபவப் புள்ளியும் எல்லா வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டன. சுடும் கேமிலும் ஓட்டப்பந்தய கேமிலும் அவை இருக்கின்றன. எதைத் திறந்தாலும் அதே மரம் போன்ற திறன் பட்டியலும் அதே வண்ணத்தில் தரம் பிரித்த ஆயுதங்களும் எதிர்ப்பட்டால், சலிப்பு ஒரு ஜானரின் மேல் வந்ததா, எல்லா ஜானர்களும் பகிர்ந்துகொண்ட உதிரிபாகத்தின் மேல் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

வேகமான கேமிலிருந்து நிதானமான கேமுக்குப் போவது முதுமையின் அடையாளம் என்பவர்களிடம் ஒன்று கேட்கலாம். டர்ன் பேஸ்டு மரபில் பிறந்த ‘ஃபைனல் ஃபேன்டஸி’ வரிசை தன் 16ஆம் பாகத்தில் முழு ஆக்‌ஷன் கேமாக வந்தது 2023இல்தான். அதே ஆண்டில் டர்ன் பேஸ்டான ‘பால்டர்ஸ் கேட் 3’ அந்த ஆண்டின் சிறந்த கேமுக்கான விருதுகளை அள்ளியது. தெருச்சண்டைக்குப் பெயர்போன ‘யக்குசா’ வரிசையோ 2020இல் டர்ன் பேஸ்டாக மாறியது. இளைஞர்கள் ஒரு பக்கம், முதியவர்கள் ஒரு பக்கம் என்று இதில் எப்படிக் கோடு கிழிப்பது?

மறுமொழி | பாதைமாறி

அனைவருக்கும் நன்றி. ‘வரிசை மட்டும் மிஞ்சுகிறது’ என்பது நான் உணர்ந்ததை அப்படியே சொல்கிறது. ஆனாலும் ஓர் ஐயம் எழுகிறது. இழப்பு இருந்தால்தான் தேர்வு என்றால், ஓப்பன் வேர்ல்டு கேம்களை உருவாக்குபவர்கள் அதை ஏன் செய்வதில்லை? நான் ஒரு கிராமத்தைப் புறக்கணித்தால் அது கொள்ளை போகட்டுமே. மெல்லநடை அவர்களின் படகுக்கும் இடம் விட்டு, இதையும் செய்ய முடியாதா?

மறுமொழி | கோபுரக்காவலர்

செய்தவர்கள் இருக்கிறார்கள். 2000இல் வந்த ‘மஜோராஸ் மாஸ்க்’ கேமில் மூன்று நாட்களில் நிலா பூமியின் மேல் விழுந்துவிடும். ஊரில் உள்ள ஒவ்வொருவருக்கும் மணிவாரியாக வகுக்கப்பட்ட தினசரி நடைமுறை இருக்கிறது. திருமணத்துக்கு முன் காணாமல்போன கஃபெய் என்பவனையும், விடுதியில் அவனுக்காகக் காத்திருக்கும் அன்ஜுவையும் சேர்த்துவைக்கும் சைடு மிஷனில், குறித்த நாளில் குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் நீங்கள் இல்லையென்றால் தொடர்பு அறுந்துவிடும். எல்லாம் சரியாக நடந்தால், நிலா விழுவதற்குச் சற்று முன்னால் அவர்கள் சந்திக்கிறார்கள். பிறகு நீங்கள் காலத்தைப் பின்னோக்கித் திருப்பியே ஆக வேண்டும். திருப்பினால் அவர்கள் மறுபடியும் பிரிந்திருப்பார்கள், உங்கள் கையில் ஒரு முகமூடி மட்டும் இருக்கும்.

இது ஏன் அரிதாக இருக்கிறது என்பதற்குக் காரணம் கட்டுமானத்திலேயே இருக்கிறது. ஓப்பன் வேர்ல்டில் சைடு மிஷனை நீங்கள் எப்போது தொடுவீர்கள் என்று எழுதுபவருக்குத் தெரியாது. முதல் மணி நேரத்திலும் செய்யலாம், கதை முடிந்த பிறகும் செய்யலாம். எந்த வரிசையில் செய்தாலும் முரண்படாமல் இருக்க வேண்டுமென்றால், அந்த மிஷன் உலகத்தில் பெரிதாக எதையும் மாற்றிவிடக் கூடாது. ஒரு முக்கியப் பாத்திரத்தைக் கொல்லக் கூடாது, ஒரு நகரத்தை எரிக்கக் கூடாது. மாற்றினால், அந்த மாற்றத்துக்கு ஏற்ற உரையாடல்களையும் காட்சிகளையும் மற்ற மிஷன்கள் அனைத்திலும் இரண்டிரண்டாக எழுதி, குரல் பதிவு செய்து, சோதிக்க வேண்டும். பத்து மிஷன்களில் இப்படி ஆளுக்கொரு திருப்பம் வைத்தால் அவற்றின் சேர்க்கைகள் ஆயிரத்தைத் தாண்டிவிடும். ஆகவே உலகத்தில் தடம் பதிக்காத மிஷன்களைக் குவிப்பதுதான் எளிதாகிறது. ‘மஜோராஸ் மாஸ்க்’ இந்தச் சிக்கலிலிருந்து தப்பியது எப்படியென்றால், மூன்று நாட்களுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் அதுவே அழித்துவிடுகிறது.

வேறு வழிகளும் உண்டு. ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’வில் கணவனை இழந்து காட்டில் தனித்து நிற்கும் ஷார்லட் என்ற பெண்ணுக்கு நாயகன் ஆர்தர் வேட்டையாடக் கற்றுக்கொடுக்கிறான். உலகம் எதுவும் மாறுவதில்லை. ஆனால் கற்றுக்கொடுக்கப் போன இடத்தில் தன் நோயின் கடுமையால் அவனே மயங்கி விழ, அவள் அவனைப் பார்த்துக்கொள்கிறாள். மையக் கதையின் துயரம் சைடு மிஷனுக்குள் கசிந்துவிடுகிறது. ‘யக்குசா 0’ இன்னொரு வழியில் போனது: நடந்தே கடந்துவிடக்கூடிய இரண்டு சிறிய கேளிக்கைப் பகுதிகள், அவற்றுக்குள் 100 கிளைக்கதைகள். பரப்பளவைக் குறைத்துக்கொண்டதால், மிச்சமானதை மனிதர்களுக்குச் செலவிட முடிந்தது.

பாதைமாறி அவர்களுக்கு நடைமுறையில் ஒன்று சொல்கிறேன். ஐகானே எரிச்சல் தருகிறது என்றால் பல கேம்களில் அதை அணைக்க முடியும். ‘விட்ச்சர் 3’க்கு 2022 டிசம்பரில் வந்த பெரிய அப்டேட்டில், கடல் கேள்விக்குறிகளையும் படகுக் குறிகளையும் மறைக்கும் மேப் வடிகட்டி சேர்க்கப்பட்டது. மெல்லநடை குறைப்பட்டுக்கொண்ட ‘ஒடிசி’யிலேயேகூட, இலக்கின் மேல் குறி வைக்காமல் ‘இன்ன ஊருக்கு வடக்கே, நதியோரம்’ என்று அடையாளம் மட்டும் சொல்லும் முறை இருக்கிறது. ‘பிரெத் ஆஃப் த வைல்டு’ இன்னும் ஒரு படி மேலே போய், கோபுரத்தில் ஏறினால் நில அமைப்பை மட்டும் காட்டிவிட்டு, குறி வைக்கும் வேலையை உங்களிடமே விட்டுவிடுகிறது. அதில் 900 கொரோக் விதைகள் மறைந்திருக்கின்றன. அவற்றைக் கொடுத்துப் பொருள் வைக்கும் பையை முழுமையாகப் பெரிதாக்க 441 போதும். மீதியையும் விடாப்பிடியாகத் தேடி எடுப்பவருக்குக் கடைசியில் கிடைக்கும் பரிசு, தங்க நிறத்தில் சுருண்டிருக்கும் ஒரு சாணி உருண்டை.

மறுமொழி | மெல்லநடை

அந்த உருண்டையை வாங்கியவர்களில் நானும் ஒருவன். வருத்தம் ஏதுமில்லை.